சீனிச்சாமியின் முதுகு

இதை நான் நேரில் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான். என்னோடு வேலை பார்க்கும் காளீஸ்வரிக்கு அவளுடைய அம்மா தெய்வானை சொல்லி, காளீஸ்வரி எனக்குச் சொன்னாள். தெய்வானை ஓர் ஆலைக் குடியிருப்பில் சீனிச்சாமியின் மனைவி குருவம்மாளுக்கு அடுத்த வீட்டுக்காரி. ஆகவே இரண்டு கை மாறி வந்த கதை, வரும் வழியில் கொஞ்சம் கூடியிருக்கும், கொஞ்சம் சிந்தியிருக்கும். "கடைசியில அந்தக் கால் பொழச்சுக்கிருச்சு, அத மட்டும் மறக்காம எழுது" என்று காளீஸ்வரி இரண்டு தடவை சொன்னாள். மறக்கவில்லை.

விருதுநகருக்குத் தெற்கே ஒரு பஞ்சாலை, ஆலையை ஒட்டி நாலு வரிசை வீடுகள், நாலு வரிசைக்கும் நடுவில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஆண்கள் குளிப்பார்கள், அந்தப் பக்கம் பெண்கள் துணி துவைப்பார்கள், யார் வீட்டில் என்ன குழம்பு, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் முதலில் தெரியவரும். முதல் வரிசையின் கடைசி வீடு சீனிச்சாமியுடையது. அவர் ஆலை வேன் ஓட்டுகிறவர், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெண்களைக் காலை ஷிப்டுக்கு ஏற்றி வந்து மாலையில் கொண்டுபோய் விடுகிறவர். அவர் மனைவி குருவம்மாள் ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். அவர்கள் வீட்டை ஒட்டியே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறை இருந்ததால் அதன் சாவி அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும், தினமும் மாலை ஐந்தரைக்கு மோட்டாரைப் போட்டு ஆறு மணிக்கு நிறுத்துவது அவள் பொறுப்பு.

சீனிச்சாமிக்குச் சர்க்கரை வந்தது. "பேர்லயே வச்சிருந்தாரு, இப்பத்தான் வெளிய தெரிஞ்சிருக்கு" என்று தொட்டியில் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு அவர் இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஆணி குத்திய புண் நாலு மாதமாகியும் ஆறவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, இனி மூன்று மாதத்துக்கு அரிசியும் மாவும் கூடாது, முட்டை, கீரை, கறி, மீன், காலிஃபிளவர், மோர், இவ்வளவுதான் சாப்பாடு, சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இடது கால் போனால் கிளட்ச் போச்சு, கிளட்ச் போனால் வேன் போச்சு, வேலையும் போச்சு. சீனிச்சாமி எட்டுப் பரோட்டாவைச் சால்னாவில் பிய்த்துப் போட்டுத் தின்றுவிட்டு ஒன்பதாவதைப் பார்க்கிற ஆள். டாக்டரிடமிருந்து இருவரும் திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"நீ ஒருபக்கம் சோத்தப் போட்டுத் தின்னுக்கிட்டு, எனக்கு மட்டும் மாட்டுக்குப் போடுற மாதிரி கீரையப் போட்டா, என்னால ஆகாது குருவு. நீ தின்னா நானும் திம்பேன். விரல் போனா போகட்டும்."

குருவம்மாள், தெய்வானையும் இன்னும் நாலைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் வலது கையை எடுத்து அவர் தலையில் வைத்தாள். "ஒங்க தல மேல சத்தியமாச் சொல்றேன். இன்னைலருந்து மூணு மாசத்துக்கு என் அடுப்புல அரிசியும் வேகாது, மாவும் வேகாது" என்றாள்.

தலையிலடித்துச் செய்கிற சத்தியத்தை மீறினால் மீறியவருக்கு ஒன்றும் ஆகாது, யார் தலையோ அவருக்குத்தான் ஆகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அவள் சொன்னதில் ஓர் ஓட்டை இருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. அடுப்பில் வேகாது என்றாளே தவிர வாயில் போகாது என்று சொல்லவில்லை. ஓட்டையை வைத்துக்கொண்டே சத்தியம் செய்தாளா, செய்த பிறகு ஓட்டை கண்ணில் பட்டதா என்று பின்னால் அவளே பல நாள் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

பதினெட்டு நாள் அவள் அடுப்பில் காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி வேக வைத்தாள், முட்டையை அவித்தாள், பொரித்தாள், கலக்கினாள், கீரையைக் கடைந்தாள், தேங்காய்ச் சில்லை வெல்லமில்லாமல் மென்றாள். சீனிச்சாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார், ஆனால் தின்றார். நாள் பூராவும் நின்றபடியே நூல் அறுந்த இடத்தையெல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அவளுடையது. பத்தொன்பதாம் நாள் மாலை ஷிப்டு முடிந்து வரும்போது காதுக்குள் இரைச்சல் கேட்டது, கால் தன் காலாக இல்லை, அந்தக் கால்தான் அவளை ஆலை வாசலுக்கு எதிரே இருக்கும் கனி பாய் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது என்று அவள் பிறகு சொன்னாள். கால் மேல் பழியைப் போட்டதற்காகவும் பிறகு வெட்கப்பட்டாள்.

"ரெண்டு பரோட்டா பார்சல், பாய்."

"என்னக்கா, அண்ணன் பத்தியத்துல இருக்காருன்னாகளே?"

"வீட்டுக்கு விருந்தாளு வந்திருக்கு."

கனி பாய் இலையில் பரோட்டாவை வைத்து, மடித்து, மேலே ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றி, நூலால் கட்டி, சால்னாவைத் தனிப் பையில் முடிந்து கொடுத்தார். அவள் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நேரே மோட்டார் அறைக்குப் போனாள், உள்ளே தாழ்ப்பாள் போட்டாள், மோட்டாரைப் போட்டாள், அந்தச் சத்தத்துக்குள் தாளைப் பிரித்தாள். நின்றுகொண்டே தின்றாள். பிய்க்கப் பொறுமையில்லாமல் சுருட்டி வாயில் அடைத்தாள். சால்னா தாளில் இருந்த ஒரு சேலை விளம்பரப் பெண்ணின் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்து, யாரோ தன்னைப் பார்த்துவிட்டது போலிருந்ததால், விரலால் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு ஒழுகும் குழாயில் வாயைக் கழுவி, நாலு மிளகைக் கடித்து, தாளையும் இலையையும் சுவரின் அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போய், தன் அடுப்பில் அவருக்குக் கீரை கடைந்தாள்.

மறுநாள் காலை சீனிச்சாமி தொட்டியில் குளிக்கச் சட்டையைக் கழற்றினார். அவர் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, ஒரு சாண் அகலத்துக்குச் செய்தித்தாள் இருந்தது.

தாள் இல்லை, எழுத்து. தோலோடு தோலாகக் கறுப்பு எழுத்து, பத்தி பத்தியாக, நடுவே கட்டம் கட்டி ஒரு சேலை விளம்பரம், அதில் ஒரு பெண், அவள் கன்னத்தில் எண்ணெய்க் கறை. தெய்வானையின் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டிதான் முதலில் பார்த்தார். பேப்பர் மேல் படுத்துத் தூங்கியிருப்பார் என்று நினைத்து, "கொஞ்சம் குனிங்கண்ணே, முதுகத் தேச்சு விடுறேன்" என்று பீர்க்கங்கூட்டை எடுத்து அழுத்தித் தேய்த்தார். தோல் சிவந்தது, எழுத்து அசையவில்லை. ஒட்டிய மை என்றால் எழுத்து இடவலம் மாறி இருக்க வேண்டும், இதுவோ நேராக இருந்தது. அதனால் இது மை ஒட்டியதில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டு, தேய்ப்பதை நிறுத்தாமல், வாசிக்க ஆரம்பித்தார். ஏதோ ஓர் ஊரில் பாலம் திறந்திருந்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் நாலு கால் ஆடு காணாமல் போயிருந்தது.

பத்து மணிக்குள் குடியிருப்புக்கே தெரிந்துவிட்டது. பதினொரு மணிக்குக் கனி பாய்க்குத் தெரிந்தது. சேலை விளம்பரம் என்றதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அது நான் நேத்து பார்சல் கட்டுன தாளு" என்றார். யாருக்குக் கட்டினார் என்று கேட்டார்கள். அவர் சொல்லத் தயங்கினார், தயங்கியதே போதுமானதாக இருந்தது. தெய்வானை அன்று தலையில் கை வைத்து நின்ற குருவம்மாளை நினைத்துப் பார்த்தாள், அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திரும்பச் சொல்லிப் பார்த்தாள், "அடுப்புல வேகாதுன்னுதானடி சொன்னா" என்று நெஞ்சில் கை வைத்தாள். அன்று சாயங்காலமே நாலு வரிசையும் கூடிப் பேசாமல் ஒரு முடிவுக்கு வந்தன. சீனிச்சாமிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் பத்தியத்தை விட்டுவிடுவார், விட்டால் விரல் போய்விடும். தன் முதுகைத் தானே பார்க்க எந்த மனிதனாலும் முடியாது என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

குருவம்மாளுக்கு எழுத்து தெரியாது. அன்று அவர் சட்டை மாற்றும்போது அந்தக் கறுப்பைப் பார்த்தாள், ஏதோ அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், தான் துடைத்த கன்னத்தைப் பார்த்தாள். துணி கையிலேயே இருந்தது.

"என்ன?" என்றார் சீனிச்சாமி.

"ஒண்ணுமில்ல. வேர்க்குரு."

எட்டு நாள் அவள் கனி பாய் கடை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. எட்டு நாளும் எழுத்து அப்படியே இருந்தது. ஒன்பதாம் நாள், வந்த எழுத்துதான் போகவில்லையே, இனி என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை அவளால் பிறகு யாரிடமும் சொல்ல முடியவில்லை. பசி என்று சொல்லலாம், நினைப்பை எப்படிச் சொல்வது. அன்று மறுபடியும் இரண்டு பரோட்டா, மறுபடியும் மோட்டார் சத்தம், மறுபடியும் நாலு மிளகு. மறுநாள் அந்தப் பெண்ணுக்குக் கீழே வானிலையும் ராசிபலனும் வந்திருந்தன.

இப்படித்தான் அது வழக்கமானது. விடிந்ததும் தொட்டியில் சீனிச்சாமிக்கு முதுகு தேய்த்துவிட ஆள் காத்திருந்தார்கள். ஒருவர் தேய்ப்பார், இரண்டு பேர் பின்னால் நின்று பல் துலக்குவார்கள், அந்தப் பக்கம் துவைக்கும் பெண்கள் துணியைத் தூக்கிப் பிழிகிற சாக்கில் எட்டிப் பார்ப்பார்கள், வாய் அசையாமல் வாசிப்பதற்கு ஒரு வாரத்தில் எல்லாரும் பழகிவிட்டார்கள். எல்லாம் பழைய செய்தி. ஆனால் அந்தச் செய்தி வந்த நாளில் அவர்களில் யாருக்கும் உட்கார்ந்து வாசிக்க நேரம் இருந்ததில்லை, முடிந்துபோன புயலை, நின்றுபோன வேலைநிறுத்தத்தை, கிடைத்துவிட்ட குழந்தையைப் பயமில்லாமல் வாசிப்பது அவர்களுக்குப் பிடித்திருந்தது. கைப்பேசியில் படம் எடுத்தவர்களும் உண்டு, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள், சீனிச்சாமிக்கு மட்டும் யாரும் அனுப்பவில்லை. எழுத்து பிடரிக்கு ஏறியதும், முடி வெட்டும் மருது, வெட்டி முடித்ததும் பின்னால் பிடித்துக் காட்டுகிற கைக்கண்ணாடியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, உடைந்துவிட்டது என்றான். கண்ணாடி இல்லாத சலூனா என்று கேட்ட வெளியூர்க்காரர்களிடமும் அதையே சொன்னான்.

சீனிச்சாமிக்கு இது எதுவும் தெரியாது. ஒரு நாள் முட்டையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "குருவு, நோய்னு ஒண்ணு வந்தாத்தான் மனுசங்க தெரியுது. முன்ன தொட்டில எனக்கு ஒரு வாளி எடத்த எவன் விட்டான்? இப்பப் பாரு, எனக்கு முதுகு தேய்க்கப் போட்டி போடுறானுக. நேத்து கருத்தப்பாண்டி தேய்க்கிறான், தேய்க்கிறான், விடமாட்டேங்கான். அவன் கண்ணுல தண்ணி." அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அன்று கருத்தப்பாண்டி வாசித்தது ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம், அவருக்குத் தெரிந்த ஆள். குருவம்மாளுக்கு அது தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீருக்குக் காரணம் அன்பு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

ஒன்பதாவது பார்சலைக் கனி பாய் கையில் கிடைத்த ஒரு வார இதழின் தாளில் கட்டிவிட்டார். அதில் ஒரு தொடர்கதையின் பதினான்காம் அத்தியாயம் இருந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் ஒரு பெண் புருஷன் வீட்டுப் பரணில் ஒரு பூட்டிய பெட்டியைப் பார்க்கிறாள், பல வாரம் தேடிக் கடைசியில் அதன் சாவி அவளுக்குக் கிடைக்கிறது, அங்கே அத்தியாயம் முடிந்தது. துவைக்கிற பக்கம் துணி அப்படியே ஊறிக்கொண்டு கிடந்தது. பெட்டியில் என்ன இருக்கும் என்று இரண்டு நாள் ஆலையிலும் இதே பேச்சு. கனி பாயிடம் போய் அடுத்த இதழைத் தேடச் சொன்னார்கள், அவரும் பழைய தாள் கட்டுக்குள் புகுந்து பதினைந்தையும் பதினாறையும் எடுத்தார். பதினாறுதான் முடிவு. அங்கேயே நின்று வாசித்துவிடலாமே என்று ஒருத்தி பதினைந்தைக் கையில் வாங்கி நாலு வரி வாசித்தாள். என்னவோ ருசிக்கவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டாள். "அண்ணன் முதுகுல வரட்டும்" என்றாள்.

அன்று மாலை ஐந்தரைக்குக் குருவம்மாள் மோட்டார் சாவியோடு வெளியே வந்தபோது தெய்வானை வாசலில் நின்றாள். அவள் கையில் பார்சல் இருந்தது. பட்டப்பகல் போன்ற வெயில், முந்தானைக்குள் இல்லை, பையில் இல்லை, வெறும் கையில்.

"மதினி, இன்னைக்கு ஒங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னு நானே வாங்கியாந்துட்டேன்."

குருவம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வாரம் தான் தாழ்ப்பாள் போட்டது, மோட்டார் போட்டது, மிளகு கடித்தது எல்லாம் கண்ணாடிக்குள் நின்று செய்தது போலாகிவிட்டது. "எதுக்குத் தாயி இது?" என்றாள்.

"அட, தெரியாத மாதிரி கேக்கீகளே. பதினஞ்சாவது அத்தியாயம்."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா எப்பிடி? இத்தன நாளா நாலு லைன்ல ஒருத்தராவது அண்ணன்ட்ட வாயத் திறந்தமா, சொல்லுங்க?" தெய்வானை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பயமுறுத்துகிறோம் என்று அவளே நினைக்கவில்லை. பார்சலை அவள் கையில் திணித்து, "சூடு ஆறிப்போகும், போங்க" என்றாள்.

குருவம்மாள் உள்ளே போனாள். கதவுக்கு வெளியே ஏழெட்டுப் பேரின் வளையல் சத்தம் கேட்டது. மோட்டாரைப் போட்டாள், அதற்கு மேலும் கேட்டது. தாளைப் பிரித்ததும் வாசனை வந்தது. அவர்கள் கேட்டார்கள் என்பதற்காக மட்டும் அவள் தின்னவில்லை. வாயில் எச்சில் ஊறியது. ஊறியதே என்று அழுதாள், அழுதுகொண்டே இரண்டையும் தின்று முடித்தாள்.

முதுகில் இடமில்லை. மறுநாள் காலை பதினைந்தாம் அத்தியாயம் இடது தொடையின் பின்புறம் தொடங்கி, முழங்காலின் மடிப்பைத் தாண்டி, கெண்டைக்கால் வழியாகக் குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே வந்து நின்றது. அந்தப் பெண் சாவியைப் போட்டுத் திருப்பி மூடியைத் தூக்குகிற இடம். அன்று மாலை புண்ணுக்கு மருந்து போடும்போது குருவம்மாள் அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். புண்ணின் ஓரமெல்லாம் புதுத்தோல் கட்டி, ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். அதற்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கம், கறுப்பாக எழுத்து. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அளக்கத் தெரியும். இன்னும் ஒரு பார்சல், ஒரே ஒரு பார்சல், எழுத்து புண்ணுக்குள் போய்விடும்.

"அங்க என்ன பாக்குற?" என்றார் அவர்.

"மருந்து எம்புட்டுப் போடணும்னு பாக்கேன்."

மூன்றாம் நாள் தெய்வானை பதினாறாம் அத்தியாயத்தோடு வந்துவிட்டாள். இந்த முறை பின்னால் இருபது பேர், மூன்றாம் வரிசையிலிருந்து ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குருவம்மாள் பார்சலை வாங்கிக்கொண்டாள். மோட்டார் அறைக்குள் போனாள், தாழ்ப்பாள் போட்டாள், மோட்டாரைப் போட்டாள். பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சூடு இலையைத் தாண்டி, தாளைத் தாண்டி உள்ளங்கைக்கு வந்தது. அரை மணி நேரம் அப்படியே நின்றாள், சூடு ஆறியது. மோட்டாரை நிறுத்தினாள். கதவைத் திறந்து, இருபது பேரின் நடுவே, நூல் கட்டு அவிழாத பார்சலைக் கையில் பிடித்தபடி நடந்து தன் வீட்டுக்குள் போனாள்.

சீனிச்சாமி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் பார்சலை அவர் காலடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் திங்கேங்க."

"என்னத்த?"

"பரோட்டா. ஒங்க தலையில அடிச்சுச் சொல்லிட்டு, கடையில வாங்கித் திங்கேன்."

அவர் பார்சலைப் பார்த்தார். வாசலில் கூடி நின்றவர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதையும் பார்த்தார்.

"எத்தன தடவ?"

"எனக்குச் சொல்லத் தெரியலங்க. ஒங்க முதுகுல இருக்கு."

சீனிச்சாமி எழுந்தார். நொண்டிக்கொண்டே தொட்டிக்கு நடந்தார், சட்டையைக் கழற்றிக் கல்லில் போட்டார், வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றார். "கருத்தப்பாண்டி" என்றார். "வாசி. வாய்க்குள்ள வாசிக்காத. சத்தமா வாசி."

கருத்தப்பாண்டி வாசித்தார். பிடரியில் இருந்த திருமண அழைப்பிலிருந்து தொடங்கினார். பாலம், ஆடு, சேலை, வானிலை, ராசிபலன், புயல், வேலைநிறுத்தம், கிடைத்துவிட்ட குழந்தை. கண்ணீர் அஞ்சலி வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தார். தாளுக்குத் தாள் தேதி வந்தது, ஒவ்வொரு தேதி வரும்போதும் சீனிச்சாமி ஒரு விரலை மடக்கினார். பெண்கள் துணிகளைப் பிழியாமல் நின்றார்கள். கடைசியில் கருத்தப்பாண்டி மண்டி போட்டு உட்கார்ந்து கெண்டைக்காலில் பெட்டியின் மூடி தூக்கப்படுவது வரை வாசித்தார். பிறகு எழுந்திருக்காமல் அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். பத்து விரலும் மடங்கியிருந்தன.

"இதுக்குத்தான் முதுகு தேய்ச்சீகளாக்கும்" என்றார் சீனிச்சாமி.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பினார். குருவம்மாள் வாசல்படியில் நின்றாள், எல்லாரும் பார்க்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவர் திட்டுவார் என்றிருந்தார்கள், அந்தப் பார்சலைப் பிரித்து எல்லார் முன்னாலும் தின்பார் என்றும் சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"பத்துல ஒண்ணாவது உக்காந்து சூடா தின்னியா, குருவு?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்றாள் பின்னால்.

மறுநாள் மாலை, வேனை ஆலைக்குள் விட்டுவிட்டு, சீனிச்சாமி கனி பாய் கடைக்குப் போனார். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். "ரெண்டு பரோட்டா பார்சல், பாய். தாள் வேண்டாம், வெறும் இலைல மடிச்சுக் கொடுங்க" என்றார். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வாசலில் நின்ற ஒவ்வொருவரையும் கடந்து வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தவில்லை. தனக்கு இரண்டு முட்டையும் காலிஃபிளவரும் போட்டுக்கொண்டார், அவள் தட்டில் இலையைப் பிரித்து வைத்தார், ஆவி பறந்தது. "தின்னு. என் முன்னால தின்னு" என்றார்.

குருவம்மாள் ஒரு துண்டு பிய்த்தாள். வாயில் போட்டு மென்றாள். உலகத்தில் அவள் தின்ற எதுவும் அவ்வளவு நேரம் வாயில் இருந்ததில்லை. கதவு திறந்திருந்தது, எதிரே அவர் முட்டையைப் பிட்டுக்கொண்டிருந்தார். "வெறுமனே திங்காத, சால்னா ஊத்திக்க" என்றார். அவர் பார்வை ஒரே ஒரு முறை பரோட்டாவுக்கு வந்து, மறுபடி தன் தட்டுக்குப் போனது. அவள் தலை நிமிராமல், ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல், தின்று முடித்தாள்.

அதற்குப் பிறகு புதிதாக எழுத்து வரவில்லை. இருந்த எழுத்தும் மேலிருந்து கீழாக, வாசிக்கிற வரிசையிலேயே, நாளுக்கு ஒரு பத்தியாக மங்கிக்கொண்டு வந்தது. முதலில் பிடரி, பிறகு தோள், பிறகு இடுப்பு. மருதுவின் கைக்கண்ணாடி ஒட்டாமலே சரியாகிவிட்டது. தொட்டியில் சீனிச்சாமி தன் முதுகைத் தானே தேய்த்துக்கொண்டார், மற்றவர்கள் அவருக்கு வாளி இடத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பிரிக்காத பார்சலைக் குருவம்மாள் மறுநாள் குப்பையில் போட்டபோது தெய்வானை யாரும் பார்க்காத நேரத்தில் போய் எடுத்து வந்து தாளைப் பிரித்தாள். இரவெல்லாம் சால்னா கசிந்து, பெட்டிக்குள் இருந்தது என்ன என்கிற இடம் எண்ணெயில் ஊறிக் கூழாகியிருந்தது.

கெண்டைக்கால் எழுத்துதான் கடைசியாக மறைந்தது. அந்த மாதமே புண் ஆறிவிட்டது, மூன்று மாதம் முடிந்த அன்று டாக்டர் அவர் காலைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார், இன்றுவரை அவர்தான் வேன் ஓட்டுகிறார் என்று காளீஸ்வரி முடித்தாள்.

போன ஆடியில் காளீஸ்வரியின் ஊருக்குப் போயிருந்தேன். ஆலைக்குப் போகும் வழியில் அந்த வேனில் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். பின்னால் இருந்த பெண்கள் அவரை அண்ணே என்றார்கள், சீனிச்சாமிதானா என்று அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால்தான் கிளட்ச்சை மிதித்தார். பள்ளம் மேடான சாலை, அடிக்கடி மிதித்தார். நான் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இறங்குவதற்குள் இன்னொரு முறையும் எண்ணினேன். இடது காலில் விரல்கள் நான்கு.